பேனரில் நின்ற இருவர்

"சிலுவையம்மா வந்துகினு கீதாம். அது போற வரிக்கும் நீ பின்னாடியே கெட. ஒம் மூஞ்சப் பாத்தா அந்தப் பொம்பளைக்கு வயிறு எரியும்!"

விடிந்ததும் மாமியார் கெங்கம்மா சொன்ன முதல் வார்த்தை அது. கார்குழலி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு துணி துவைக்கும் இடத்துக்குப் போனாள். பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவன் வல்லரசு செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம்!

ஒரு வருடமாக அந்தக் கொருக்குப்பேட்டைத் தெருவுக்கு அவள் நாட்டைக் காட்டிக் கொடுத்தவள். தண்ணீர் லாரி வரிசையில் அவள் குடத்தை ஒட்டி எவளும் குடம் வைக்க மாட்டாள்.

போன வருடம், எல்லையில் சண்டை மூண்டிருந்த நேரம். வல்லரசும் அவன் தோழன் காசிமேட்டு அம்புரோசும் பீரங்கிக்கு முன்னால் தோளில் கை போட்டு நின்ற படம், இணையத்தில் வல்லரசின் ஆர்குட் பக்கத்தில் ஏறியது. பெண் பெயரில் நட்புக் கேட்டு வந்த யாரோ, 'எந்த இடம்?' என்று கேட்க, மலையின் பெயர் பதிலாகப் போனது. கொஞ்ச நாளில் குண்டு முகாமின் மேலேயே விழுந்தது. அம்புரோஸ் பெட்டியில் வந்தான்.

"நான்தான் போட்டேன்னு தெரிஞ்சா ஜெயிலு, குழலி... பாஸ்வேர்டு உங்கிட்டயும் கீதுன்னு ஆபீசருங்ககிட்ட சொல்லிட்டேன். பிரவுசிங் சென்டருக்குப் போயி நீ போட்டதா ஒத்துக்க. கொழந்த மேல சத்தியம், வந்ததும் வூட்ல உண்மையச் சொல்லிர்றேன்!" என்று போனில் அழுதான் வல்லரசு.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவள் ஒத்துக்கொண்டாள். முகம் தெரியாத ஒருத்தியிடம் புருஷன் வழிந்த பதிலையும் தான் எழுதியதாகவே ஒத்துக்கொண்டாள். பாஸ்வேர்டைக் கொடுத்த தப்புக்கு அவன் பதவி ஒரு படி இறங்கி, சட்டைக் கையில் ஒரு பட்டை போனதோடு விஷயம் முடிந்தது. அவன் வந்தான். வாய் திறக்கவில்லை.

வாசலில் மீன்கூடை இறங்கும் சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கெழம அம்புரோசுக்கு வருசப் பூசை, யக்கா. கை கவுச்சியா கீது, கழுவிக்கினு வந்து பத்திரிகை குடுக்கறேன்" என்றபடி, தடுப்பதற்குள் அவனைப் பெற்ற சிலுவையம்மாள் பின்பக்கம் வந்துவிட்டாள்.

கார்குழலியைக் கண்டதும் அவள் முகம் கல்லாயிற்று. வெடுக்கென்று முகத்தைத் திருப்பினவள், மேலே பார்த்து அப்படியே நின்றாள்.

வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பாகக் கட்டியிருந்தது நாத்தனார் எழில்மொழியின் கல்யாண பேனர். 'மணமக்களை வாழ்த்தும் பட்டாளத்துச் சிங்கங்கள்' என்ற எழுத்தின் கீழே, அதே பீரங்கிக்கு முன்னால் தோளில் கை போட்டு இருவர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் புள்ள...! ஐயோ, சிரிச்சிகினு நிக்கிறானே! ஏது இந்தப் படம்?"

பின்னாலேயே வந்த மாமனார் லோகநாதனுக்கு அந்த பேனர் என்றால் எப்போதும் பெருமை. துறைமுகத்தில் யாருக்கும் முதுகு வளையாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எழிலு கல்யாணத்துக்கு ரெண்டு நாளு மின்னாடி எம் மவன் ஆர்குட்ல போட்டுச்சும்மா. அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னான், நான்தான் சென்டர்ல எடுத்து பேனருக்குக் குடுத்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூடவே வந்திருந்த கெங்கம்மா மெல்லத் திரும்பினாள்.

"இரு. கல்யாணத்துக்கு ரெண்டு நாளு மின்னாடியா போட்டுச்சு? அப்ப இவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில வயித்த அறுத்துகினு கெடந்தா. நாத்தனா கல்யாணத்தயே பாக்கல. இவ எப்பய்யா சென்டருக்குப் போனா?"

"விடு கெங்கா... குடும்ப மானம்..."

"மானமா? ஒனக்கும் தெரியும்! இவள நான் இன்னா இன்னா கேட்டேன்... குந்திகினு கேட்டுகினு இருந்தியே!"

"எல்லாரும் பாக்கட்டும்னுதாம்மா போட்டேன்... சொம்மா ஒரு போட்டோதானேன்னு..." சத்தம் கேட்டு வந்து நின்ற வல்லரசின் குரல் உடைந்தது.

"பாத்தாங்கப்பா" என்றாள் சிலுவையம்மாள். "எல்லாரும் பாத்தாங்க."

அவள் அவனை அடிக்கவில்லை. கார்குழலியின் ஈரக் கையைப் பிடித்தாள். "மண்ண வாரித் தூத்தினேனேடி ஒன்ன... எதுக்குடி தாங்கிகினே?" மீன்வாடை அடிக்கும் அந்த மார்பில் முகம் புதைத்துக் கார்குழலி அழுதாள். ஒரு வருடத்து அழுகை!

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிவாள்மனையை எடுத்தாள். பேனரை அவிழ்த்து நடுவே அறுத்து, அம்புரோசின் பாதியை அவன் தாயிடம் கொடுத்தாள். அவன் தோளில் கிடந்த வல்லரசின் கை மட்டும் கூடவே போயிற்று.

"நான் எண்ணூருக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள் கணவனிடம். "அந்த ஆபீசருகிட்ட ஒன் வாயால சொல்லு. சொல்லிட்டு வந்து கூப்டு."

"வேல பூடும், குழலி!"

"தெரியும்."

"வாசப்படி தாண்டினா இந்த வூட்டு மருமவ இல்ல!" என்று குறுக்கே நின்றார் லோகநாதன்.

கெங்கம்மா அவரைக் கையால் ஒதுக்கினாள். மருமகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். லாரித் தண்ணீருக்குத் தெருவே திரண்டிருந்தது. போன வருடம் மருமகளை ஏசிய அதே இடம், அதே குரல்.

"எல்லாரும் கேட்டுக்கங்கடீ! போட்டோ போட்டவன் எம் புள்ள! மூடி மறைச்சவன் எம் புருசன்! இவ இல்ல... இவ இல்லடீ!"

பின்னால் லோகநாதன் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

பெண்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். ஒருத்தி, "குழலி..." என்று கையை நீட்டினாள். கார்குழலி நிற்கவில்லை. குழந்தையின் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, மாமியாரோடு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.