ஆள் வச்சி அடைச்சிடலாம்

வரப்பின் இந்தப் பக்கம் ஒரு ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எலி வளை என்றால் உள்ளே போகிற தண்ணீர் எங்காவது வெளியே வந்தாக வேண்டும். ரகுபதி வரப்பைத் தாண்டிக் குனிந்து, பக்கத்துக்காரன் விற்றுவிட்டுப் போன நிலத்தில் குடோன் கட்டக் கொட்டியிருந்த கிராவல் மண்ணை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தான். சுட்டது. ஒரகடத்துக் கம்பெனியில் முதல் ஷிப்ட் முடித்து, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் கழனிக்கு வந்தவன் அவன். பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டுப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

எங்கே படுப்பது? பயிர் பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் நிற்காவிட்டால் அத்தனையும் பதராகிவிடும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் விற்றுவிட்டுக் குன்றத்தூர் பக்கம் வீடு பார்த்துப் போன பிறகும், இந்தத் துண்டை விட மாட்டேன் என்று நின்றவள் அவன் மனைவி அம்சவல்லி. பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தின் மேல் அவனுக்கு இருந்த ஆசையை கம்பெனி லைனில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கழனியின் மறுகோடியில், மோட்டார் கொட்டகையில், கரண்ட் நின்றுவிடப் போகிறதே என்று அவள் காவல் இருந்தாள்.

புல்லையும் களிமண்ணையும் பிசைந்து ஓட்டைக்குள் திணித்துக் குதிகாலால் மிதித்தான். மண் உள்ளே போனது. இன்னொரு கூடை கொட்டினான். அதுவும் போனது. வழக்கமாக இந்நேரம் கம்பெனிப் பக்கமிருந்து காற்றில் வரும் பெயின்ட் நெடிக்குப் பதிலாக, ஓட்டையிலிருந்து ஈரத் தலைமுடியின் வாடை அடித்தது. ரோட்டில் டிரெய்லர்கள் போகிற இரைச்சலுக்கு அடியில், பசித்தவன் கஞ்சி குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அடைஞ்சிச்சாங்க?" கொட்டகையிலிருந்து அம்சவல்லி கத்தினாள்.

"இல்லமே! எவ்ளோ மண்ணு போட்டாலும் முழுங்கிகினே கீது. வுடு, நாளைக்கி ஆள் வச்சி அடைச்சிடலாம்!"

சத்தம் நின்றது.

தண்ணீரும் நின்றது. ஓட்டையை நோக்கிச் சுழன்று வந்த ஒரு வைக்கோல் தாள், வாயருகில் அப்படியே அசையாமல் கிடந்தது. ரகுபதி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் ஓரடி பின்வாங்கினான். யாரோ காது கொடுத்துக் கேட்டுவிட்ட மௌனம் அது.

ஆள் வைத்து. ஊரில் தினம் நூறு தடவை சொல்கிற பேச்சுதானே? ஆள் வைத்து நட்டோம், ஆள் வைத்து அறுத்தோம். ஆனால் இப்படி ஒரு ஓட்டையின் வாயருகே நின்று, ஆளை வைத்து அடைக்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை.

"கூலி ஆளச் சொன்னேன்," என்றான் ஓட்டையைப் பார்த்து. "சம்பளத்துக்கு வர்ற ஆளு. அதான் சொன்னேன்."

கொட்டகைப் பக்கம் திரும்பினான்.

"அம்சா!"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரல் வரவில்லை.

வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. பல்பு எரிந்தது. வாசல் சேற்றில் அவள் கால் தடம் வெளியே வந்து, சிறிது தூரம் நடந்து, அதோடு இல்லாமல் போயிருந்தது. திரும்பிய தடமும் இல்லை.

அப்போது கேட்டது. தப். தப். ஈர மண்ணைத் தட்டும் சத்தம்.

திரும்பி ஓடினான். ஓட்டை இருந்த இடம் வழவழவென்று பூசியிருந்தது. யாரும் இல்லை. சத்தம் மட்டும். வரப்புக்குள்ளிருந்து.

மண்வெட்டியைத் தொடப் பயம். உள்ளே அவள் மேல் வெட்டுப்பட்டுவிட்டால்? நகத்தால் பிறாண்டினான். மண் பெயர்ந்தது. உள்ளே கண்ணாடி வளையல். ஒரு மணிக்கட்டு. சூடாக இருந்தது.

"புடிச்சிக்க அம்சா! கெட்டியா புடிச்சிக்க!"

அந்தக் கை பிடித்துக்கொள்ளவில்லை. வேலையில் இருப்பவள் குழந்தையின் பிடியை விலக்குவது போல, அவன் விரல்களிலிருந்து மெல்ல உருவிக்கொண்டது. அவன் பெயர்த்த மண்ணை வாரி, பெயர்த்த இடத்திலேயே அப்பியது. தப். தப். மண் போதவில்லை. கடைசியில், இருந்த சின்னச் சந்து வழியாக வெளியே வந்து, உள்ளங்கையை விரித்தது.

"சும்மா நிக்காதீங்க," என்றாள் அம்சவல்லி உள்ளிருந்து. குரலில் பயமே இல்லை. "இன்னும் ஒரு கை மண்ணு குடுங்க."

கை நீட்டியபடியே இருந்தது.