கவிழ்க்காத கோப்பை

எல்லைக் கதவை மறுபடி மூடிவிட்டார்கள் என்று சாலையிலேயே சொன்னார்கள். என் லாரி நிறைய மாதுளை. வரிசை மலையைச் சுற்றிக்கொண்டு போனது. பழம் அழுகுகிற புளிப்பு வாடை முன்னால் நின்ற வண்டிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு இது புதிதல்ல. ஆயுதக்காரர்களை நீங்கள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று பாகிஸ்தான் சொல்லும். இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்று காபூல் சொல்லும். பிறகு வானத்தில் ஒரு சத்தம் வரும். பிறகு கதவு மூடும்.

வண்டியைத் திருப்பி, பொழுது சாயும் நேரத்தில் பெரியவர் மீராஜான் காகாவின் கிராமத்துக்குப் போனேன். பழைய பழக்கம். அவருடைய ஹுஜ்ராவில் எந்த டிரைவருக்கும் ஒரு பாயும் ரொட்டியும் உண்டு. இந்த முறை அந்த விருந்தினர் அறையின் பாதிச் சுவர் புதிதாக இருந்தது. பழைய மண் கறுப்பு, புதிய மண் சிவப்பு.

"என்ன காகா, வீட்டை இடிச்சுக் கட்டினீங்களா?"

"நான் எங்க இடிச்சேன்," என்றார். கெட்டிலை என் முன்னால் வைத்தார். "தொழுகைக்குப் போய்ட்டு வரேன். நீ பயணத்துல இருக்கே, அப்புறம் தொழுதுக்கோ. ஊத்திக் குடி. சூடா இருக்கு."

அவர் போன பிறகுதான் வாசலில் இன்னொரு ஜோடி செருப்பைப் பார்த்தேன். பிளாஸ்டிக் செருப்பு. அதில் ஈரச் சேறு.

பல மாதமாக எங்கள் பக்கம் மழையே இல்லை.

மூலையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போர்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார். முகம் இருட்டில். முன்னால் ஒரு காலிக் கோப்பை, நிமிர்ந்தபடி.

எங்கள் ஊரில் போதும் என்பவன் கோப்பையைக் கவிழ்த்து வைப்பான். நிமிர்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவனின் விருந்தாளி அவன். கோப்பையைக் கவிழ்க்கும்வரை யார், எங்கிருந்து என்று கேட்கக் கூடாது. எழுந்து போ என்று சொல்லவே கூடாது. காலிக் கோப்பைக்கு எதிரே நான் மட்டும் எப்படிக் குடிப்பது? சலாம் சொல்லி, நகர்ந்து உட்கார்ந்து, ஊற்றினேன்.

டீ விழுந்தது. சத்தம் வரவில்லை.

கோப்பை நிறையவும் இல்லை.

ஏலக்காய் மணத்துக்கு அடியில் வேறு ஏதோ நாறியது. நனைந்த கம்பளி, கருகிய மண்.

"உன் வீடு எங்கே?" என்றார். தொண்டையில் புழுதி அடைத்தது போன்ற குரல்.

"லக்மான்ல, லாலா."

"தூரமா?"

"விடிய கிளம்பினா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

தலையை ஆட்டினார். போர்வையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

மீராஜான் காகா திரும்பி வந்தார். என் கையில் சாய்ந்திருந்த கெட்டிலைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கு ஊத்தினே?"

திரும்பினேன். மூலையில் யாரும் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. பாயில் மட்டும் ஓர் ஈர வட்டம்.

"போன குளிர்காலத்துல மழையோட வந்தான்," என்றார் காகா. "அடைக்கலம்னு ஒரே வார்த்தை. நான் பேர் கேக்கல. என் தம்பிதான் ஊத்தினான். கோப்பையைக் கவிழ்க்கறதுக்குள்ள மேலேர்ந்து குண்டு விழுந்துது. தம்பியைப் பொறுக்கித்தான் எடுத்தோம். இவன் கிடைக்கவே இல்ல. ஆயுதக்காரனைக் கொன்னுட்டோம்னு அவங்க ரேடியோல சொன்னாங்க. அப்படி ஆளே அங்க இல்லன்னு நம்மாளுங்க சொன்னாங்க. ஆளே இல்லன்ன பிறகு யாருக்குக் குழி தோண்டறது?"

"அதுக்கப்புறம்?"

"பக்கத்துக் கிராமத்துல ஒருத்தன் ஊத்தினான். அந்த வீடும் போச்சு. அதுலேர்ந்து என் மூலையிலதான் குந்தியிருக்கான். நான் ஊத்தறதில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, காகா."

அவர் தலை குனிந்தார். "வீட்டுக்கு வந்தவன்கிட்ட என் வீடு சரியில்லன்னு எந்த வாயால சொல்றது?"

அவர் என் வீட்டைக் கேட்டதும் நான் வழி சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கிராமத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. வழியெங்கும் காவல்காரர்கள் இரவில் சாலையை மறித்துச் சங்கிலி கட்டியிருந்தார்கள். விடிந்ததும்தான் அவிழ்த்தார்கள். விரட்டி ஓட்டினேன். நெடுஞ்சாலையைத் தொட்டதும் போன் உயிர் பெற்றது. என் மனைவி பல்வஷா எடுத்தாள்.

"ஆளை முன்னாடி அனுப்பறீங்களே, ஒரு போன் பண்ணக் கூடாதா? வீட்ல சர்க்கரைகூட இல்ல."

"யாரு வந்தது?"

"உங்க சிநேகிதர்தான். உங்க பேரைச் சொல்லி, சர்வலி வீடு இதுதானேன்னு கேட்டாராம். பாபா உக்கார வெச்சு ஊத்திக்கிட்டே இருக்காரு. மனுஷன் வயிறா, கிணறா? கெட்டில் கெட்டிலா காலியாகுது. கோப்பையைக் கவிழ்க்கவே மாட்டேங்கறாரு."

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம். வண்டு சுற்றுவது போல.

"அது என்ன சத்தம்?"

"காலைலேர்ந்து மேல ஏதோ சுத்துது. பொண்ணு மொட்டை மாடியில நின்னு வேடிக்கை பாக்கறா."

"அவளைத் தூக்கிட்டு வயலுக்கு ஓடு. கேக்காத, ஓடு. போனை பாபாகிட்ட குடு."

அப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சரி, பொம்பளைங்க போகட்டும்," என்றார். "நான் எப்படிப் போறது? விருந்தாளியை உக்கார வெச்சிட்டு வீட்டை விட்டு ஓடச் சொல்றியா? அப்புறம் இந்தத் தாடி எனக்கு எதுக்கு?"

"பாபா, அது மனுஷன் இல்ல."

"என் பாய்ல உக்காந்திருக்கான். அது போதும்."

ரீங்காரம் தாழ்ந்து வந்தது. போனிலேயே கேட்டது. கிழவரை வண்டி கட்டி இழுத்தாலும் நகரமாட்டார். எனக்குத் தெரியும். அவர் இடத்தில் இருந்தால் நானும் நகரமாட்டேன்.

"அப்ப அவர்கிட்ட இதைச் சொல்லுங்க," என்றேன். "உங்களுக்கு முன்னாடி ஊத்தினது என் கை. அவர் என் விருந்தாளி. என் லாரில கெட்டில் இருக்கு. வரச் சொல்லுங்க."

அப்பா சொல்வது கேட்டது. பிறகு ரீங்காரம் மட்டும் கேட்டது.

"எழுந்து போயிட்டாரு," என்றார் கடைசியில். "படியெல்லாம் ஈரம், சர்வலி."

போனில் ரீங்காரம் தேய்ந்து நின்றது.

நான் மூச்சு விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சத்தம் நிற்கவில்லை. என் லாரிக்கு மேலே வந்திருந்தது.

பக்கத்து இருக்கையில் நனைந்த கம்பளி வாடை.

ஸ்டவ்வை மூட்டினேன். ஊற்றினேன்.

அதன் பிறகு எல்லைக் கதவு திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் தூர நகரங்களில் உட்கார்ந்து பேசுவதாக ரேடியோ சொல்கிறது. நான் வீட்டுக்குப் போகவில்லை. எந்த ஹுஜ்ராவிலும் இறங்குவதில்லை. ஆள் இல்லாத திருப்பத்தில் நிறுத்தி, டீ போட்டு, கிளம்பிவிடுகிறேன். கொஞ்சம் அதிகமாக நின்றால் மேலே சத்தம் தாழ்ந்து வருகிறது.

"பொண்ணு கேக்கறா, அப்பா எப்போ வருவார்னு," என்றாள் பல்வஷா நேற்று போனில். "நான் என்ன சொல்ல?"

பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். யாரும் இல்லை. கால் வைக்கும் இடத்தில் ஈரச் சேறு.

டாஷ்போர்டு மேல் அவருடைய கோப்பை. பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது என் கோப்பை உருண்டு விழுந்து உடைந்தது.

அவருடையது அசையவில்லை. நிமிர்ந்தே இருந்தது, காலியாக.

கெட்டிலை எடுத்தேன்.