ஆறாத குவியல்

காலை ஆறரைக்கு அப்புத்தளை பஸ் கஜேந்திரனைத் தோட்டத்துச் சந்தியில் இறக்கிவிட்டது. பனி மூடியிருந்தது. பஸ்ஸின் சத்தம் வளைவைத் தாண்டும் முன்பே அடங்கிப்போனது.

கொழும்பில் கடையொன்றில் வேலை. மகளின் காரியத்துக்கு லீவு எடுத்திருந்தான்.

போன வருஷ மழைக்கு மலை சரிந்து, அவர்கள் குடியிருந்த பழைய லயத்து வீட்டு வரிசையை மூடியது. விதுர்ஷாவுக்கு ஏழு வயது. உடல் கிடைக்கவில்லை. மனைவி தயானி சம்மதிக்காததால் காரியமும் நடக்கவில்லை. இன்றைக்காவது முடித்துவிட வேண்டும்.

ஏற்றத்தில் பக்கத்து வீட்டு மாரிசாமி எதிரே வந்தான்.

"கொழும்புல என்னத்த போத்திக்கிற மச்சான்? ஒங் கம்பளி இங்க குப்பைக்குப் போத்திக் கெடக்கு."

சிரித்தான். கஜேந்திரனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு கீழே இறங்கினான்.

புது வீட்டின் பின்னால் இடுப்பளவு உயரத்தில் பசளைக் குவியல், உரத்துக்காக மக்கவைத்த குப்பை. அதன்மேல் அவனுடைய கம்பளி. ஓரங்களில் ஆவி கசிந்தது. தயானி பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"பூசாரி வந்திருவாரு. எந்திரிச்சுக் குளி."

"இன்னும் ஆறலீங்க."

"எது?"

"பசளை. சூடு இருக்குறப்ப எப்படிங்க காரியம் செய்யிறது?"

அவனுக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். மானாப்புல், தேயிலைச் சக்கை, சாணம் என்று அடுக்கியிருக்கிறாள். ஒவ்வோர் அடுக்குக்கும் மேலே கொஞ்சம் மண் போட வேண்டும். இங்கே தோண்டினால் கல்தான் வருகிறது. அதனால் பழைய லயத்துக்குப் போய்ச் சாக்கில் அள்ளி வந்தாள்.

"சரிஞ்ச மண்ணா?"

"நம்ம வாசல் மண்ணுங்க."

அவன் குவியலை ஒருமுறை சுற்றி வந்தான்.

"நீ இதப் பெரட்டினியா?"

"ஒரு தடவகூட இல்ல. எப்படிங்க மம்பட்டியப் போடுறது?"

பசளை போடுவது அவனுக்கும் தெரியும். முதலில் கொதிக்கும். பிறகு ஆறும். புரட்டி உள்ளே காற்று விட்டால்தான் மறுபடி சூடேறும். சித்திரையில் போட்டது இது. இப்போது ஐப்பசி.

ஆறியிருக்க வேண்டும்.

கம்பளியை எடுத்தான். அழுகல் நாற்றம் இல்லை. விதுர்ஷாவின் தலைக்கு வைக்கிற எண்ணெயின் வாசனை வந்தது. குவியலின் நடுவே ஒரு மூங்கில் குச்சி. உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்கச் செருகி வைப்பது.

"வெறும் குப்பைச் சூடு புள்ள. இந்தா, நீயே தொட்டுப் பாரு."

குச்சியை உருவினான். ஒரு சாண் வந்தது. வெளியே வந்த பகுதியில் கை பட்டது. கொதிப்பில்லை. யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்தது போன்ற சூடு.

மேலும் இழுத்தான். வரவில்லை.

கல்லில் மாட்டியிருக்கும்.

பிடியைத் தளர்த்தினான். வெளியே வந்திருந்த ஒரு சாண் மெல்ல உள்ளே போனது.

காற்று இல்லை. இலைகூட அசையவில்லை.

மறுபடி பிடித்தான். அடியிலிருந்து ஓர் இழுப்பு.

பெரிய பலமில்லை.

ஏழு வயதுப் பலம்.

குச்சியை விடவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. கீழே பாதையில் பூசாரியின் இருமல் கேட்டது. பூசாரி ஏறி வந்துகொண்டிருந்தார்.

தயானி எழுந்து வந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"இழுக்காதீங்க," என்றாள். "அவளுக்குக் கை வலிக்கும்."