இன்னும் கொஞ்சம் எறக்குங்க

குழந்தை அவள் வாயின் இடது ஓரத்தில் விரலை வைத்து மேலே தள்ளிப் பார்த்தது. சரியாக மூடாத இழுப்பறையைத் தள்ளுவதுபோல, பொறுமையாக, இரண்டு மூன்று தடவை. பிறகு அப்பாவிடம் ஓடிவிட்டது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் வரைகிறவர்களுக்கு முகம் சும்மா இருக்காது. கோபக்காரனை வரைந்தால் புருவம் தானாக நெரியும், அழுகிறவளை வரைந்தால் உதடு பிதுங்கும். அவளோ மேசையில் கண்ணாடியை வைத்து, வேண்டிய பாவனையைத் தன் முகத்திலேயே வரவழைத்துப் பார்த்து வரைகிறவள். கொஞ்ச நாளாக அந்தக் கண்ணாடியில் மெழுகு மாமாதான் குடியிருந்தார்.

மெழுகு மாமா பழைய பாக்கெட் நாவல்களின் பேய். பாதி முகம் உருகி வழிய, பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுவார். பழைய அட்டைகளில் பார்த்தால் பல்வலிக்காரர் என்றுதான் தோன்றும். புதுப் பதிப்புக்கு அவரை மறுபடி பிறக்கவைக்கும் வேலை அவளுக்கு வந்திருந்தது. வருஷக்கணக்காகச் சோப்பு உறைகளுக்குச் சிரிக்கும் குடும்பங்களை வரைந்து கொடுத்திருக்கிறாள். யார் வரைந்தது என்று ஒரு ஈ காக்கைகூடக் கேட்டதில்லை. இவர்கள் அட்டையிலேயே அவள் பெயரைப் போடுகிறார்கள். அதற்காகத்தான் பதிப்பாளர் ஒவ்வொரு படத்தையும் திருப்பி அனுப்பியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு மேடம், ஆனா பயம் வரல" என்பார் அவர். "இன்னும் கொஞ்சம் எறக்குங்க."

இறக்கினாள். தாளில் இறக்குவதற்கு முன் தன் கன்னத்தில் இறக்கினாள். கணவன் அவளை நிமிர்ந்து பார்த்தே எவ்வளவோ காலமாகிவிட்டதால் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை படம் அமைந்துவிட்டது. அனுப்பியதும் பதிப்பாளரே கூப்பிட்டார்.

"இதுதான் மேடம். பாக்கவே முடியல."

அவளுக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு அது. சிரித்தாள். கண்ணாடியில் பாதி முகம்தான் சிரித்தது.

ஜன்னல் திரை காற்றில் உப்பித் தணிந்தது, மையின் புளித்த வாடை அறையைவிட்டுப் போகாமல் நின்றது, அடுத்த அறையில் கணவன் குழந்தைக்குக் கதை சொல்லும் முணுமுணுப்பு சுவர் வழியே கசிந்து வந்துகொண்டிருந்தது. அத்தனைக்கும் நடுவில் அவள் கன்னத்தைப் பிடித்து மேலே தூக்கினாள். விரலை எடுத்தாள். இறங்கியது. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினாள். இன்னும் இறங்கியது.

முகம் பென்சிலின் பின்னால் போகிறதென்றால் பென்சிலைத் திருப்பிவிட்டால் போயிற்று. சுவரில் தொங்கிய கல்யாணப் போட்டோவைப் பார்த்துத் தன்னையே வரைந்தாள். அச்சு அசலாக வந்தது. நிமிர்ந்தாள்.

கண்ணாடியில் மெழுகு மாமாதான் இருந்தார்.

"குட்டி உங்கிட்ட வரணுமாம்" என்றான் கணவன், அந்த அறையிலிருந்தே. "அனுப்பவா?"

"வேணாம்." வார்த்தை வாயோரத்தில் வழிந்தது. அவன் காதில் அது விழவேயில்லை.

பார்த்தால் அலறும். இனி ஜென்மத்துக்கும் கிட்டே வராது. பெயரும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், என் பிள்ளை என்னைக் கண்டு பயப்படாமல் இருந்தால் போதும்.

கதவு திறந்தது. சின்னக் காலடி. முகத்தைப் பொத்திக்கொண்டாள். குழந்தை மடியில் ஏறியது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது.

பார்த்தது.

அலறவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது. இறுக்கி அணைத்துக்கொண்டு அழுதாள், ஒரு கண்ணால். குழந்தை அவளையே உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டினால் தானும் நீட்டுகிற வயது.

"நானும்மா" என்றது.

"வேணாம்டா கண்ணு."

அதன் வாயோரம் இறங்கியது. கீழிமை தொங்கி, கண்ணுக்குக் கீழே சிவப்பாகத் திறந்துகொண்டது. சரியாகச் செய்துவிட்ட பெருமையோடு அவளைப் பார்த்தது. கன்னம் தாடையைத் தாண்டி இறங்கிக்கொண்டேயிருந்தது.