காரியத்துக்கு முன் அடைத்த வாசல்

அடைத்த வாசலின் பூச்சு மட்டும் காயவே இல்லை. கிழக்குச் சுவரில் புதிதாகத் திறந்த வாசலைச் சுற்றிப் பூசியதும் நேற்றுதான், அது வெளுத்துவிட்டது. தெற்கே பழைய வாசல் இருந்த இடத்தில், ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் கறுத்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே குடத்திலிருந்துதான் தண்ணீர் தெளித்திருந்தாள் அம்பிகா. கிட்டே போனால் பச்சை சிமெண்ட் வாடைக்கு அடியில் பீடி வாடை. மார்பு உயரத்தில் மேலிருந்து கீழாக விரல் தடங்கள்.

மாதேஸ்வரன் மேஸ்திரிக்குப் போன் போட்டாள். அவர் பெங்களூரு பஸ்ஸில் இருந்தார்.

"பூசறப்ப கையில தடவுனீங்களா மேஸ்திரி? விரல் தடமா இருக்குதுங்க."

"கரண்டியில இழுத்து, கட்டையில தேச்சு விட்டங்க அக்கா. கையே வைக்கலைங்க."

மாமனார் நஞ்சப்பன் செத்து ஒரு வாரம்தான் ஆகிறது. கருமாதி இன்னும் நடக்கவில்லை. வருடக்கணக்கில் பீடியும் கையுமாகப் படுக்கையில் கிடந்த மனிதருக்குப் பீத்துணி அலசியவள் அவள். 'வூட்டுக்கு ஒரு வாசல் போதும்' என்று கடைசி வரை பிடிவாதம் பிடித்தவர் அவர். பின்பக்கம் ஒரு கதவு வைக்க விட்டிருந்தால், மலச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க நடந்து, முன்வாசல் வழியாகத் தெருவே பார்க்க அவள் போயிருக்க வேண்டியதில்லை. கணவன் பிரபாகர் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு டைல்ஸ் படம் அனுப்புவதோடு சரி. மணல், கம்பி, ஆள் பிடிப்பது எல்லாம் அவள் தலையில்தான். இப்போது விட்டால் இனி தை மாதம்தான் என்று மேஸ்திரி சொன்னதும், உடனே அந்தத் தெருவாசலை அடைத்துக் கிழக்கே திறக்கச் சொல்லிவிட்டாள்.

அடைக்கும்போது பக்கத்து வீட்டுக் கிழவி சின்னபொண்ணு மட்டும் வந்து நின்று முனகினாள். "காரியம் முடியறதுக்குள்ள அவரு போற வழிய அடைக்கறியே புள்ள."

"இத்தன வருசம் எங்க போனாருங்க, இப்பப் போறதுக்கு?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அது அவளுக்கு இனித்தது.

பொழுது சாய்ந்தது. கரண்ட் போனது. புதுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மாமனார் கிடந்த மூலையில் கட்டிலைச் சாவு அன்றே தூக்கிப் போட்டாகிவிட்டது. அங்கே காரியம் வரைக்கும் எரிய வேண்டிய விளக்கு மட்டும் இருந்தது. அந்த மூலையிலிருந்து அவருடைய பழைய தடி ஊன்றும் சத்தம் கிளம்பி, பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்து, கூடத்தைக் கடந்து, தெற்குச் சுவர் வரைக்கும் போய் நின்றது.

ஈரப் பூச்சை விரல்கள் வழித்தன. மெதுவாக. திரும்பத் திரும்ப. பிறகு ஓர் இருமல்.

வாசலை அடைத்தால் வெளியே ஏதாவது வந்து நிற்குமோ என்றுதான் அவள் உள்ளுக்குள் பயந்திருந்தாள். அவர் உள்ளேதான் இருந்தார். போகப் பார்க்கிறார், வழியில்லை. போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"மாமா," என்றாள். "அது அடைச்சாச்சுங்க. கெழக்கால புது வாசல் இருக்குதுங்க. அது வழியா போயிடுங்க மாமா."

வழிப்பது நின்றது.

தடி திரும்பியது. அவளை ஒட்டிக் கடந்தது. மூத்திர நெடி, புண்ணுக்குப் போடும் மருந்தின் நெடி. கிழக்கே போனது. தாழ் விலகியது. கதவு திறந்து சாத்திக்கொண்டது.

அவள் மூச்சு விட்டாள்.

கதவுக்கு அந்தப்பக்கம் சத்தம். சொத். சொத். கலவையைச் சுவரில் அறைகிற சத்தம். அப்புறம் உள்ளங்கையால் தடவுகிற சத்தம். பொறுமையாக.

ஓடிப் போய்க் கதவை இழுத்தாள்.

சுவர். நிலை முழுக்கச் சுவர். பச்சையாக, சொட்டச் சொட்ட, விரல் தடங்களோடு.

பிறாண்டினாள். மார்பு உயரத்தில், மேலிருந்து கீழாக. நகக்கண்ணில் சிமெண்ட் ஏறியது. பின்னால் மூலையில், இல்லாத கட்டில் கிரீச்சிட்டது. யாரோ சாய்ந்து படுத்தார்கள்.

"அம்பிகா," என்றது குரல், எப்போதும்போல. "சட்டிய எடுத்தா."