சத்தமே வராது

காரின் கதவைச் சாத்தியதும் தெருவின் இரைச்சல் கத்தரித்ததுபோல நின்றது. ஆனால் உள்ளே கிடைத்த அமைதியில் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

காது பரிசோதிப்பதுதான் அவள் வேலை. பதினொரு வருடமாக, சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, கண்ணாடிக்கு வெளியே இருந்தபடி மெல்லிய பீப் ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அமைதி விஷயத்தில் அவள் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. கணவனோ இரண்டு மாதமாக இந்த செடானைக் கனவில் ஓட்டிக்கொண்டிருந்தான். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய இடத்து வண்டிக்குரிய அத்தனை பவிசும், மாதச் சம்பளக்காரன் கைக்கு எட்டும் விலையில். ஒருவர் கை மாறியது, அதிகம் ஓடாதது. "உள்ள உக்காந்தா சத்தமே வராதுங்க" என்று விற்பனைக்காரர் மூன்றாம் முறை சொன்னபோது, அதை நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் சரி என்றால்தான் கையெழுத்து. பின்னால் உட்காரப் போவது ஐந்து வயது மகள் ஆயிற்றே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட முடியுமா.

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு காதைத் தீட்டினாள். பாலிஷ் போட்ட தோலின் வாசனை. அதற்கும் அடியில், வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஈர நெடி. மதிய வெயில் கண்ணாடிக் கூரை வழியாக மடியில் விழுந்தும் சூடு உறைக்கவில்லை. அப்போது இடது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. உலர்ந்த உதடுகளைப் பிரிப்பது போன்ற சின்னச் சத்தம். சற்று இடைவெளி விட்டு வலது பக்கம். மறுபடி இடது, முன்னதைவிட மெதுவாக. ஏதோ பிளாஸ்டிக் வெயிலில் விரிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு படி குறைந்து, ஒரே அளவு இடைவெளியில் வந்தது. அவள் நோயாளிகளுக்கு அனுப்புவது அப்படித்தான்.

அடுத்தது கேட்டும் கேட்காததுமாக வந்தபோது, பழக்க தோஷம், அவள் விரல் தானாக மேலே போய்விட்டது.

நான்கு கதவுகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

கார்க் கடை முற்றத்தின் அந்தப் பக்கம் மகளோடு நின்ற கணவன் தூக்கிய விரலைப் பார்த்தான். ஒரு நிமிஷம் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான், தலையை ஆட்டிவிட்டு விற்பனைக்காரரிடம் பேச்சைத் தொடர்ந்தான்.

சாவியின் பொத்தானை அழுத்தினாள். கதவு திறக்கவில்லை. கைப்பிடியை இழுத்தாள். பெல்ட் அவளை இருக்கையோடு சேர்த்து இறுக்கியது. மெதுவாக. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம். ஹாரனை ஓங்கி அடித்தாள். சத்தமே இல்லை. பிடரிக்குப் பின்னால் ஒரு மூச்சு. குளிர்ந்தது. கண்ணை மட்டும் உயர்த்தி நடுக் கண்ணாடியைப் பார்த்தாள். பின் இருக்கை காலி. ஆனால் அதன் தோல் ஓரிடத்தில் நன்றாக அமுங்கியிருந்தது, கனமான ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற மாதிரி.

அவள் கத்தினாள். தொண்டை அதிர்ந்தது, நரம்பு புடைத்தது. தன் கத்தல் தன் காதிலேயே விழவில்லை.

அப்போதுதான் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி வருவதைப் பார்த்தாள். இதுவரை தனக்காகப் பயந்தவள் இப்போது தன்னையே மறந்துபோனாள். பிள்ளை ஏறக் கூடாது. அது ஒன்றுதான். ஏறக் கூடாது.

வெளியிலிருந்து பின்கதவு சுலபமாகத் திறந்தது. தெரு இரைச்சலும் மகளின் சிரிப்பும் குபீரென்று உள்ளே வந்தன. அவள் குரல் மட்டும் வெளியே போகவில்லை. தலையைத் திருப்ப முடியவில்லை. கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று பலமாக ஆட்டினாள்.

கணவன் சிரித்தான். "பாரு, போ போன்னு கையாட்டறா. உங்க அம்மாவுக்கு வண்டி பிடிச்சிடுச்சு. நீ அம்மாகூட உக்காந்திரு, அப்பா கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

குனிந்து மகளை உள்ளே ஏற்றிவிட்டான். மகள் பக்கத்து இடத்தைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"எம் பொண்ணுக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்றான் அவன், பின்னாலேயே வந்த விற்பனைக்காரரிடம்.

கண்ணாடியில், தோலின் அமுங்கல் ஒரு சாண் நகர்ந்தது. மகள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பெல்ட் பூட்டிக்கொண்டது. கதவு மூடியது.

மீண்டும் அமைதி. கணவன் அலுவலக அறைக்குள் போய் மறைந்தான். அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. மகளின் காதோர முடி தானாக விலகியது. பிஞ்சுக் காதுமடல் மெல்ல உள்ளே மடங்கியது, யாரோ வாயை அழுத்தி வைத்த மாதிரி.

பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க, சரி சரி என்று தலையாட்டினாள்.