உள்ளே சொல்லக் கூடாத சொல்

காலை ஒன்பது மணிக்குப் பேச்சறையைத் திறப்பதற்கு முன்னால், இளநிலா நோயாளிகளை வராந்தாவில் உட்காரவைத்து ஒரு சொல்லை மறக்கப் பழக்குவாள். திருப்பூரில் அந்தப் பல் மருத்துவமனைக்கு அவள்தான் கட்டண ஆலோசகர்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்பாள்.

"பரவால்லீங்க."

"போச்சு! இதையே உள்ள சொல்லியிருந்தா உங்க வைத்தியம் அதோட முடிஞ்சுது."

எல்லோரும் சிரிப்பார்கள். எட்டு வருடமாக அவளுக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை.

அன்று முதல் ஆள் கிருத்திக். ஐம்பத்தெட்டு வயது. கூரைகளில் ஏறிச் சூரியத்தகடு கழுவும் வேலை. இடது தாடை வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. மூன்று வாரமாகக் கிராம்பும் உப்புத் தண்ணீருமாக ஓட்டியிருக்கிறார். நம் ஆட்கள் பல்வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பொறுப்பார்கள்.

"சும்மா புடுங்கி உட்டா எவ்வளவு ஆகுமுங்க?" என்று கேட்டார்.

"புடுங்கினா மட்டும் தீராதுங்கய்யா. சீழ் எலும்புக்குள்ள எறங்கிருச்சு. இப்படியே உட்டா ரெண்டு மாசம் உசுரு தாங்காதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. எலும்பைச் சுத்தம் பண்ணி ஆய்வகத்துல வளர்த்த திசு வெக்க மூணு லட்சம் ஆகும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வாடகைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்குதுங்க அம்மிணி."

"அதுக்குத்தான் உள்ள போறோம். உங்க வலித்தரம் எழுபதைத் தாண்டிட்டா மொத்தச் செலவும் பொதுநிதியோடது. நீங்க ஒரு ரூபா தர வேண்டாம். எப்படி வலிக்குதோ அப்படியே சொல்லுங்க. கொறைச்சுச் சொல்லாதீங்க. அந்தச் சொல்லு மட்டும் வாயில வரவே கூடாது."

சட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு காலத்தில் மருத்துவமனைகள் ஆளைக் கேட்காமலே வைத்தியம் செய்து, குடும்பங்களைக் கடனில் தள்ளின. அதைத் தடுக்கத்தான் 'நோயாளி சொல்லே முடிவு' என்று சட்டம் வந்தது. பேச்சறைச் சுவரில் செவியன் என்ற கேட்பொறியைப் பதித்தார்கள். குரலையும் நரம்பையும் அளந்து வலித்தரம் போடுவது அதுதான். நோயாளி வேண்டாம் என்றால் உடனே கோப்பை மூடிவிடும். ஒரு வருடம் திறக்க முடியாது. வேறு யார் சாட்சி சொன்னாலும் ஏற்காது. 'பரவாயில்லை' என்றால் 'பொறுத்துக்கொள்ளலாம், தேவையில்லை' என்று அதற்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. திருத்தக் கேட்டு இளநிலா ஆறு முறை எழுதினாள். அகராதியில் அந்தப் பொருள் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆறு முறையும் பதில் வந்தது.

உள்ளே போனார்கள். செவியனின் பச்சை விளக்கு எரிந்தது.

"வலி எப்படி இருக்குங்கய்யா?"

அவர் வழக்கம்போல, "அது கெடக்குது..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தினார். செவியனின் திரையில் வலித்தரம் நாற்பத்தொன்று. இளநிலா அவர் கண்ணையே பார்த்தாள்.

"ராத்திரியில செவுத்துல தலைய முட்டிக்கறனுங்க" என்றார் மெதுவாக. "ஊட்டுக்காரி முழிச்சுக்குவான்னு துணிய வாயில வெச்சுக்கறது. நேத்துக் கூரை மேல நிக்கறப்ப, அப்படியே உழுந்துட்டாத் தேவலைன்னு தோணுச்சுங்க. இத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க."

சொல்லச் சொல்லக் கண்ணீர் வீங்கிய கன்னத்தில் வழிந்தது. அறுபத்தைந்து. எழுபத்திரண்டு. எழுபத்தொன்பது.

"பொதுநிதி ஏற்கிறது. நோயாளி மனம் மாறுவதற்கு அரை நிமிட அவகாசம்" என்றது செவியன்.

அந்த அரை நிமிடம் ஆலோசகர் வாயைத் திறக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனாலும் எட்டு வருடமாக அவள் திறந்ததில்லை. இன்று அவளால் தாங்க முடியவில்லை. தகப்பன் வயதுள்ள மனிதர், தன் கேள்வியால் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்.

"உங்களை அழ வெச்சுட்டேன். மன்னிச்சுக்கங்கய்யா."

கிருத்திக் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்ததைக் கண்டு பதறிப்போனார்.

"அட, பரவால்லீங்க அம்மிணி. நீங்க என்ன பண்ணுவீங்க."

பச்சை விளக்கு அணைந்தது.

"உங்கள் முடிவை மதிக்கிறோம். நன்றி."

கிருத்திக்கின் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது. இளநிலா எழுந்து சுவரைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்டது நான்தான், அவர் அதற்குத்தான் பதில் சொன்னார் என்று கத்தினாள். மூன்றாம் நபரின் சொல் ஏற்கப்படாது என்றது செவியன்.

அவளே அவரை வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள். காத்திருந்தவர்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எட்டு வருடமாக ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினேனே, என் வாயை நான் கட்டவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். சுவரோரம் நின்று, அடக்க மாட்டாமல் அழுதாள்.

கிருத்திக் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். பிறகு வாயிலிருந்து கையை எடுத்தார்.

"ஏனுங்க அம்மிணி, இனிமே அந்தச் சொல்லச் சொன்னா ஒண்ணும் ஆவாதுங்களே?"

ஒன்றும் ஆகாது என்று அவள் தலையாட்டினாள்.

"அப்பப் பரவால்லீங்க" என்றார் அவர், அவள் தலையைத் தொட்டு. "பரவால்லீங்க, அழுவாதீங்க."